அப்பாவின் புல்லட்டும் ஒரு பித்தளை ஜெட்டும்

புல்லட் ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம், காது போதும். தெருமுனையில் திரும்பும்போதே அம்மா உள்ளேயிருந்து, "அப்பா வந்தாச்சு, இலையைப் போடு" என்பார். அந்த வண்டி 1962-ஆம் வருஷத்து 350 சிசி என்ஃபீல்டு புல்லட். அப்பா பொதுப்பணித்துறையில் ஓவர்சியர். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரைகள் எல்லாம் அந்த வண்டியின் சத்தத்தை அறியும்.

அப்பா போன பிறகு இருபத்தாறு வருஷம் அது மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, இந்தத் தை மாதம்தான் வண்டி என்று சொல்லும்படி நிமிர்த்தினேன். பெயிண்ட், குரோமியம், சீட்டு, வயரிங் எல்லாம் காசைக் கொடுத்தால் நடந்துவிட்டன. கார்புரேட்டர் மட்டும் காசுக்கு மசியவில்லை. அதற்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டதையும், ஐம்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டியின் பூர்வீகம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில் ரெடிட்ச் என்று ஒரு ஊர். விக்டோரியா மகாராணி காலத்தில் உலகத்தின் தையல் ஊசியில் பெரும்பகுதி அங்கேதான் தயாரானது. ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் வேரும் 1851-இல் அங்கே தொடங்கிய ஒரு ஊசிப் பட்டறைதான். ஊசியிலிருந்து சைக்கிள், சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள். புல்லட் என்ற பெயரை 1930-களிலேயே வைத்துவிட்டார்கள். நமக்குத் தெரிந்த உருவம், பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்த புல்லட், 1949-இல் விற்பனைக்கு வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு நம் ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. 1950-களின் முற்பகுதியில் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் போனது. அதைத் தொடர்ந்து 1955-இல் ரெடிட்ச் கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே கோத்தார்கள். பிறகு அச்சுகளையும் எந்திரங்களையும் இங்கேயே கொண்டுவந்து, 1960-களின் தொடக்கத்தில் பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். அப்பாவின் வண்டி அந்த மாறுதல் காலத்துக் குழந்தை.

அதற்குள் தாய்வீடு நொடித்துப் போனது. ரெடிட்ச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுவிட்டது. திருவொற்றியூர் மட்டும் 1955 மாடலையே பிடித்துக்கொண்டு ஓடியது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று. பாட்டி வீட்டில் மறந்துபோன பலகாரத்தைப் பேத்தி செய்து அனுப்பியதுபோல.

இனி கார்புரேட்டர். இப்போது வரும் வண்டிகளில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. பேரன் கேட்டான், "அப்போ அந்தக் காலத்துல யார் தாத்தா கணக்குப் போட்டது?" என்று. யாரும் இல்லை. காற்றே போட்டுக்கொண்டது.

பெட்ரோல் ஒரு பங்கு எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். புல்லட்டின் சிலிண்டர் 346 சிசி. நிமிஷத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு முறையும் முழுசாக நிரம்பினால், சுமார் 700 லிட்டர் காற்றை அது இழுக்கும். ஸ்லோவில் நிற்கும்போது அதில் ஒரு சிறு பங்குதான். இரண்டு நிலையிலும், நடுவில் உள்ள அத்தனை நிலையிலும், பெட்ரோல் அந்த அளவுக்கேற்ப வர வேண்டும். குழாய் குறுகும் இடத்தில் ஓட்டத்தின் வேகம் கூடும், அழுத்தம் குறையும் என்பதை வென்சூரி என்ற இத்தாலிய அறிஞர் 1797-இல் எழுதி வைத்தார். அந்தக் குறைந்த அழுத்தம்தான் பெட்ரோலை மேலே உறிஞ்சுகிறது. ஆதிகாலத்து மோட்டார்களில் இதுகூட இல்லை. பெட்ரோலின் மேல் காற்றை ஓடவிட்டு, ஆவியைப் பிடித்து எரித்தார்கள். மிதவை வைத்து மட்டத்தைக் காத்து, நுண்துளை வழியே தூவுகிற முறைக்கு 1893-இல் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும், ஜெர்மனியில் மேபாக்கும் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். புடாபெஸ்டில் பூக்காரப் பெண் பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. நியூட்டனின் ஆப்பிள் மாதிரி அதையும் வைத்துக்கொள்வோம்.

எங்கள் வண்டியில் இருப்பது அமால் கார்புரேட்டர். ஏதோ முஸ்லிம் பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். 1927-இல் இங்கிலாந்துக் கார்புரேட்டர் கம்பெனிகள் மூன்று ஒன்றாக இணைந்தன. இணைப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் நாலு எழுத்தே பெயராகிவிட்டது. 1950-களின் நடுவில் அவர்கள் கொண்டுவந்தது மோனோபிளாக். அதுவரை மிதவைக் கிண்ணம் பக்கத்தில் தனியாகத் தொங்கும். இதில் உடம்போடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் அமால்தான். பின்னாளில் நம் புல்லட்டில் வந்த மிக்கார்ப்பைத் திறந்து பார்த்தாலும் அதே ஸ்லைடு, அதே நீடில். ஜப்பான் மிகுனி கம்பெனி ஒரு காலத்தில் அமாலிடம் உரிமம் வாங்கிக் கார்புரேட்டர் செய்தது. அந்த மிகுனி வழியில் வந்ததுதான் மிக்கார்ப். எல்லாம் சுற்றிச் சுற்றி உறவுக்காரர்கள்.

மெக்கானிக்குகள் 'மிக்ஸிங் வைக்கிறது' என்பார்கள். அதற்கு முன்னால் மற்றதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். வண்டி இருமினால் உடனே கார்புரேட்டரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிடுவார்கள். இஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ் ராடு விரலால் சுற்றும்படியும், மேலும் கீழும் ஆடாதபடியும் டேப்பெட் வைக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 15 தௌ. கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் காற்று ஒழுகக் கூடாது. அமாலுக்கு இது ஒரு பரம்பரை வியாதி. உடம்பு துத்தநாகக் கலவை. இரண்டு நட்டையும் யாராவது ஆவேசமாக முறுக்கியிருந்தால் முகம் வளைந்துவிடும். எங்களுடையது வளைந்திருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பரை விரித்து, ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்துச் சமன் செய்தேன். சரியாயிற்றா என்று பார்க்க, வண்டி ஓடும்போது அந்த இணைப்பில் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். சத்தம் மாறினால் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பிறகுதான் மிக்ஸிங். ஆக்சிலேட்டரை மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டின் ராஜ்ஜியம். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கிறதே, அந்த வெட்டு. அதற்கு ஒரு எண் உண்டு. 3½ என்றால், ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்து அதில் மூன்றரைப் பங்கு உயரம். கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. ஊசிக்குப் பேர்போன ஊரின் வண்டிக்குக் கடைசியில் ஒரு ஊசிதான் உயிர்! கிளிப்பைக் கீழ்க் காடிக்கு மாற்றினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். அதன் மேல் பொறித்த எண், குறிப்பிட்ட அழுத்தத்தில் நிமிஷத்துக்கு எத்தனை சிசி ஓடும் என்ற கணக்கு.

அமால் கம்பெனி தன் கையேட்டில் ஒரு வரிசை சொல்லியிருக்கிறது. முதலில் முழுத் திறப்பில் மெயின் ஜெட், அடுத்து பைலட், பிறகு ஸ்லைடு வெட்டு, பிறகு ஊசி, முடிவில் மறுபடி பைலட். நான் அவசரக்காரன், பைலட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஏர் ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினால் காற்று குறைந்து ரிச் ஆக வேண்டும். என் வண்டியில் முறுக்கினாலும் தளர்த்தினாலும் ஒன்றுதான். ஸ்லோ ஏறும், இறங்கும், அணைந்து போகும். ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில் பார்த்தால், ஸ்லைடுக்கு அருகே பைலட் பெட்ரோல் வெளிவரும் ஊசிமுனைத் துளையில் இருபத்தாறு வருஷத்துப் பெட்ரோல் பிசினாகக் காய்ந்து அடைத்திருந்தது. மெல்லிய எஃகுக் கம்பி வேண்டுமே என்று யோசித்தபோது மனைவியின் வீணைதான் ஞாபகம் வந்தது. உதிரித் தந்தி ஒன்றில் இரண்டு அங்குலம் வெட்டிக் கொடுத்தாள். (பித்தளை ஜெட்டுக்குள் இப்படிக் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். இது உடம்பில் உள்ள துளை.) அடைப்பு நீங்கியதும் ஸ்க்ரூ சொன்னபடி கேட்டது.

மெயின் ஜெட்டுக்கு வந்தபோதுதான் பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.

அப்பாவின் நட்டு, போல்ட்டு, பழைய பாயிண்ட் செட் எல்லாம் போட்டு வைத்திருந்த டின் அது. அடியில் ஒரு காகிதப் பொட்டலத்தில் ஒரு மெயின் ஜெட் இருந்தது. எண் 140. வண்டியில் இருந்தது 180. அந்தப் பொட்டலத்தை மடித்தவன் நான்தான்.

1973 அக்டோபரில் அரபு – இஸ்ரேல் யுத்தம் வந்தது. மூன்று டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய், அடுத்த ஜனவரியில் பதினொன்றரை டாலரைத் தாண்டிவிட்டது. நம் ஊரிலும் பெட்ரோல் விலையைத் தடாலடியாக ஏற்றினார்கள். நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு நாடாளுமன்றத்துக்குப் போனதைப் பேப்பரில் பார்த்தது நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவின் பயணப்படி பழைய கணக்கிலேயே நின்றது. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு ஆழம் பார்ப்பார்.

நான் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில், சின்ன ஜெட் போட்டால் மைலேஜ் கூடும் என்றார்கள். அந்த நாளில் ஊரே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் 180-ஐக் கழற்றி 140-ஐப் போட்டேன். மைலேஜ் கூடத்தான் செய்தது. அப்பா குச்சியைப் பார்த்துவிட்டு, "பாய் போர் செஞ்ச பிறகு வண்டி நல்லா குடுக்குது" என்றார். நான் போட்டதென்று சொல்லிக்கொள்ள நல்ல சமயம் பார்த்துக் காத்திருந்தேன்.

பாய் என்பவர் செங்கல்பட்டில் பட்டறை வைத்திருந்தவர். வண்டி வாங்கியதிலிருந்து அவர்தான் பார்த்தார். மூன்று மாதம் முன்புதான் சிலிண்டரை போர் செய்து புது பிஸ்டன் போட்டிருந்தார்.

1974 மே மாதம், நடு மத்தியானம், மதுராந்தகத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு இன்டர்வியூவுக்காக ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிக்கொண்டு போனேன். படாளம் தாண்டியதும் சத்தம் ஒரு மாதிரி கனத்தது. அடுத்த நொடி பின்சக்கரம் இறுகிப் பிடித்துக்கொண்டது. பிஸ்டன் ஜாம். விழுந்த தழும்பு இன்னும் இடது முழங்கையில் இருக்கிறது.

பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும். எரியாமல் மிஞ்சுகிற பெட்ரோல்தான் உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி தருவது. முழுத் திறப்பில் அது அவசியம் வேண்டும். அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்பு சிலிண்டரைவிட அதிகமாக விரியும். இடைவெளி போனால் ஒட்டிக்கொள்ளும். போரை டைட்டாக வைத்தாலும் இதேதான் நடக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

வித்தியாசம் சொல்வது பிளக். பாய் முதலில் அதைத்தான் கழற்றினார். சரியான மிக்ஸிங்கில் அது காப்பிப் பொடி நிறத்தில் இருக்கும், ரிச் என்றால் அடுப்புக்கரி. எங்களுடையது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"தம்பி, ஜெட்டைத் தொட்டீங்களா?"

"இல்லையே" என்றேன்.

அப்பா பக்கத்தில் நின்றார். "என் பையன் ஏன் தொடப்போறான்? நீங்க போரை டைட்டா வச்சிட்டு அவனைக் கேக்குறீங்களா?" என்று சத்தம் போட்டார். பாய் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலத்துக்குள் திரும்பவும் போர் செய்ய ஏற்பாடு செய்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த ராத்திரியே 180-ஐத் திருப்பிப் போட்டுவிட்டு 140-ஐப் பொட்டலம் கட்டினேன். அப்பா அதன் பிறகு அவர் பட்டறைப் பக்கமே போகவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆபீசில் எல்லோரிடமும் சொன்னார். அங்கே போய்க்கொண்டிருந்த வண்டிகள் ஏழெட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டன.

போர்தான் டைட்டாக இருந்திருக்கும், ஜெட் ஒரு காரணமாக இருக்காது என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். இப்போது கையில் இரண்டு ஜெட்டும் இருந்தன. 140-ஐப் போட்டு, விடியற்காலையில் ஏரிக்கரை ரோட்டில் மூன்றாவது கியரில் முழுசாகத் திருகி, சுவிட்சை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரம்கட்டி, பிளக்கைக் கழற்றினேன். அதே சுண்ணாம்பு.

ஆனால் இது முழு சாட்சியாகாது என்பதும் உறைத்தது. இன்றைய பெட்ரோல் வேறு. இருபது சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகப் போதும். கலந்த பெட்ரோலுக்கு 14.7-க்குப் பதில் சுமார் 13.5 பங்குதான். ஆகவே பழைய ஜெட்டே இன்று கிட்டத்தட்ட 8 சதவீதம் லீனாக ஓடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரப்பர் பழசாக இருந்தால் ஊறும்; ஈரத்தை இழுப்பதால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் மிதவைக் கிண்ணத்தில் வெள்ளையாகப் பூக்கும். நிறுத்துமுன் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

கணக்கைக் காகிதத்தில் போட்டேன். 180-க்கு 140 என்பது 22 சதவீதம் குறைவு. இன்றைய எத்தனாலின் 8-ஐத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் அந்த 22 அப்படியே நிற்கிறது. மே மாத வெயில், முழுத் திறப்பு, புதுசாக போர் செய்த சிலிண்டர். பாய் கேட்டதுதான் சரி.

அமால் பாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் தயாராகின்றன. லண்டனில் இருக்கும் தங்கை மகன் 190, 200 இரண்டு ஜெட்டும் வாங்கி அனுப்பினான். 190-இல் பிளக் இன்னும் வெளிறியே இருந்தது. 200-இல் காப்பிப் பொடி. ஊசியை ஒரு காடி உயர்த்தி, கடைசியாக ஏர் ஸ்க்ரூவை மறுபடி பார்த்ததும் வண்டி அப்பா காலத்துச் சத்தத்துக்கு வந்தது. ஆம்ப்ஸ் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, டீகம்ப்ரஷரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, ஒரே உதை.

சித்திரையில் அதை ஓட்டிக்கொண்டு செங்கல்பட்டு போனேன். பட்டறை இருந்த இடத்தில் மருந்துக்கடை. விசாரித்ததில், பாய் காலமாகிப் பல வருஷம் ஆகிறது என்றும், பேரன் பைபாஸ் பக்கம் டூவீலர் கடை வைத்திருக்கிறார் என்றும் சொன்னார்கள். போனேன். முப்பது வயது இருக்கும். வண்டியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். நான் யார் என்று சொல்லி, விஷயத்தை ஆரம்பித்தேன். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"தெரியும் சார்" என்றார். "ஓவர்சியர் சார் பையன் ஜெட்டை மாத்திட்டாருன்னு தாத்தா சொல்லுவாரு. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

"அப்பவே ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"அது தெரியல சார்" என்றார். பேசிக்கொண்டே வண்டியின் பக்கம் காதைச் சாய்த்தார். "ஸ்லோ கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்று, என்னைக் கேட்காமலே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஸ்டாப் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் தளர்த்தினார். சத்தம் இறங்கி நிதானமாக நின்றது.

எவ்வளவு என்று கேட்டேன். ஐம்பது ரூபாய் என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.